வளரும் உடலும் வளராத எடைப் பிரிவும்: இளம் மல்யுத்த வீரர்களுக்கான பயிற்சி எப்படி அமைய வேண்டும்?

2024 ஆகஸ்ட் 7 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டிக்கு முன் தகுதியிழந்தார். காரணம் 100 கிராம். 2025 செப்டம்பரில் குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் நடந்த உலகப் போட்டியில், பாரிஸில் வெண்கலம் வென்றிருந்த அமன் செராவத் 57 கிலோ பிரிவில் 1.7 கிலோ கூடுதலாக நின்று வெளியேறினார். அதற்கு ஒரு மாதம் முன்பு, பல்கேரியாவில் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் ஓர் இந்திய வீராங்கனை 59 கிலோ பிரிவில் 600 கிராம் மிகுந்து களமிறங்க முடியாமல் போனது. அதே ஆகஸ்டில் போலிப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்ததாக 11 பேரை இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்தது.

எடைச் செய்திக்கும் வயதுச் செய்திக்கும் தொடர்பில்லை என்றே தோன்றும். இரண்டுக்கும் வேர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. 12 முதல் 16 வயது வரையுள்ள ஒரு பிள்ளையைக் கோதாவில் எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்ற கேள்வி அது. சான்றிதழில் உள்ள வயதும் தராசில் உள்ள எடையும் போதும் என்று நம் பயிற்சி முறை நம்புகிறது. இரண்டும் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

## முதலில், பிரிவுகள் எப்படி அமைகின்றன

உலக மல்யுத்தக் கூட்டமைப்பு வயதைப் பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடுகிறது. மாதமும் தேதியும் கணக்கில் வராது.

1. 15 வயதுக்குட்பட்டோர்: அந்த ஆண்டில் 14 அல்லது 15 நிறைபவர்கள். 13 வயதினர் மருத்துவச் சான்றும் பெற்றோர் ஒப்புதலும் தந்தால் சேரலாம்.
2. 17 வயதுக்குட்பட்டோர்: 16, 17. அதே நிபந்தனையோடு 15.
3. 20 வயதுக்குட்பட்டோர்: 18 முதல் 20. நிபந்தனையோடு 17.
4. இதற்கு மேல் 23 வயதுக்குட்பட்டோர், சீனியர் பிரிவுகள்.

முதல் இரண்டு பிரிவுகளுக்கும் ஆட்டம் 2 நிமிடம், 30 நொடி இடைவெளி, மீண்டும் 2 நிமிடம். பெரியவர்களுக்கு 3 நிமிடம் வீதம் இரண்டு பகுதிகள். கழுத்தை இரு கைகளாலும் முன்னிருந்தோ பக்கவாட்டிலோ பூட்டி அழுத்தும் இரட்டை நெல்சன் பிடி இந்தச் சிறார் பிரிவுகளில் தடை. ஆக, சிறுவன் என்பவன் சிறிய அளவு பெரியவன் அல்ல என்பதை விதிகளே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. பயிற்சிக் கூடங்கள்தாம் இன்னும் ஏற்கவில்லை.

15 வயதுக்குட்பட்ட ஆண்கள் ஃப்ரீஸ்டைலில் எடைப் பிரிவுகள் 38, 41, 44, 48, 52, 57 கிலோ என்று மேலே போகின்றன. இடைவெளி 3 முதல் 5 கிலோதான். இந்தச் சிறு இடைவெளியை நினைவில் வையுங்கள். பின்னால் பெரிய சிக்கல் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

## பிறந்த தேதி சொல்லாத செய்தி

குழந்தை ஆண்டுக்கு 5 செ.மீ. அளவில் சீராக உயர்ந்துகொண்டே வரும். பிறகு திடீரென்று வேகம் பிடிக்கும். இதை வளர்ச்சிப் பாய்ச்சல் என்போம். பெண்களுக்கு அதன் உச்சம் சராசரியாக 12 வயதை ஒட்டியும் ஆண்களுக்கு 14 வயதை ஒட்டியும் வரும். உச்ச ஆண்டில் ஒரு பையன் ஏறத்தாழ 9 செ.மீ. உயரமும் 8, 9 கிலோ எடையும் கூடுவது இயல்பு.

சராசரி என்பதில்தான் கண்ணி இருக்கிறது. ஒருவனுக்கு 12-இலும் இன்னொருவனுக்கு 16-இலும் இந்தப் பாய்ச்சல் வரலாம். இரண்டுமே ஆரோக்கியமான வளர்ச்சிதான். ஒரே வகுப்பில் படிக்கும் இரு 14 வயதுப் பையன்களில் ஒருவன் மீசை அரும்பி நிற்க, மற்றவன் குரல்கூட உடையாமல் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எடைப் பிரிவு இவர்களைச் சமமாக்கிவிடும் என்று நினைப்பது தவறு. 48 கிலோவில் நிற்கும் முன்பருவப் பையனின், அதாவது பாய்ச்சல் முன்கூட்டியே வந்தவனின், எடையில் தசை அதிகம். 48 கிலோவில் நிற்கும் தாமதப் பருவப் பையன் எலும்பும் நீளக் கையும் காலுமாக இருப்பான். தராசு இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் தெரியும், அவர்கள் ஒன்றல்ல.

இதன் விளைவு இரண்டு பக்கமும் தீமை. முன்பருவப் பையன் பலத்தால் மட்டுமே வெல்கிறான். ஒரே பிடியை, பெரும்பாலும் தலையைப் பூட்டித் தூக்கி வீசுவதை, திரும்பத் திரும்பப் போட்டுப் பதக்கம் வாங்குகிறான். 17 வயதில் மற்றவர்கள் பலத்தில் எட்டிப் பிடித்ததும் அவன் கையில் வேறு ஆயுதம் இருக்காது. தாமதப் பருவப் பையனோ 14 வயதிலேயே 'இவனுக்கு வராது' என்று ஓரம் கட்டப்படுகிறான். இருவரில் யார் 22 வயதில் நல்ல பயில்வானாக வருவான் என்பதை 14 வயதுப் பதக்கப் பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது.

அளப்பது எப்படி? விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

1. சுவரில் ஒட்டிய அளவு நாடா, தலைமேல் வைக்க ஒரு தட்டையான பலகை. வெறுங்காலுடன், குதிகாலும் பின்புறமும் சுவரில் பட நிற்க வேண்டும்.
2. 3 மாதத்துக்கு ஒரு முறை, எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். மாலைக்குள் முதுகெலும்பு அமுங்கி 1 செ.மீ. வரை உயரம் குறைந்து தெரியும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று மாற்றி அளந்தால் கணக்கு கெடும்.
3. 3 மாத உயர்வை 4-ஆல் பெருக்கினால் ஆண்டு வேகம். 1.2 செ.மீ. உயர்ந்திருந்தால் ஆண்டுக்கு 4.8, சாதாரணம். 2 செ.மீ. உயர்ந்திருந்தால் 8, பாய்ச்சல் தொடங்கிவிட்டது.
4. உட்கார்ந்த உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள். முதலில் கால்கள் நீளும், பிறகு உடற்பகுதி நீளும். மொத்த உயரம் கூடியும் உட்கார்ந்த உயரம் அப்படியே இருந்தால் பாய்ச்சலின் முதல் கட்டம் என்று பொருள்.

பாய்ச்சல் ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எலும்பு நீண்டுவிடும், ஆனால் அதில் தாது நிரம்பி உறுதியாவது பின்தங்கும். தசையின் பலமும், ஆண்களுக்குக் குறிப்பாக, உயர உச்சத்துக்குப் பல மாதங்கள் கழித்தே உச்சம் தொடும். கைகால்களின் நீளம் மாறிவிட்டதால் நேற்று வரை துல்லியமாகப் போட்ட பிடி இன்று தடுமாறும். பயிற்சியாளர் இதைச் சோம்பல் என்றோ பயம் என்றோ படித்துத் தண்டனைத் தண்டால் போடச் சொன்னால், பலவீனமான எலும்பின் மேல் இன்னும் பாரம் ஏற்றுகிறார்.

## எந்தக் கட்டத்தில் எதைக் கற்றுத் தருவது

கீழே உள்ள வயதுகள் வழிகாட்டிகள் மட்டுமே. பெண் பிள்ளைகளுக்கு ஓரிரண்டு ஆண்டு முன்னதாகவும், மேலே சொன்ன அளவைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் மாறியும் வரும்.

6 முதல் 9 வரை. வாரம் 2 நாள், 45 நிமிடம். குட்டிக்கரணம், கரடி நடை, நண்டு நடை, வட்டத்தை விட்டு வெளியே தள்ளுதல், எதிராளியின் முழங்காலைத் தொட்டுவிட்டு ஓடுதல். மேட் எனப்படும் மெத்தை விரிப்பில் ஒரே ஒரு பாடம் கட்டாயம்: விழக் கற்பது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து தரையில் அடிக்க வேண்டும். விழும்போது கையை நேராக நீட்டி ஊன்றினால் உடல் எடை முழுவதும் முழங்கையில் இறங்கும். பிள்ளைகளின் முழங்கை உடைவதும் நழுவுவதும் பெரும்பாலும் அப்படித்தான். பதக்கம், தராசு இரண்டும் இந்த வயதில் கண்ணிலேயே படக்கூடாது.

10 முதல் 12 வரை. திறன் ஒட்டிக்கொள்ளும் வயது. வாரம் 3 நாள், 60 முதல் 75 நிமிடம். நிற்கும் நிலை, இடுப்பைத் தாழ்த்தி இறங்குதல், எதிராளியின் காலுக்கு இடையே உள்நுழையும் அடி, இரட்டைக் கால் பிடி, ஒற்றைக் கால் பிடி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிப் பாரத்தை எதிராளி முதுகில் இறக்கும் ஸ்ப்ரால், பின்னால் சுற்றி வருதல், தரையில் ஒரு புரட்டல். இவ்வளவு போதும், ஆனால் இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டும் வர வேண்டும். வட இந்திய அகாடாக்களில் (மல்யுத்தக் கூடங்களில்) தோபி பச்சாட், கலாஜங் என்று பெயர் வைத்து நேசிக்கும் வீச்சுகளை இப்போது முழு வேகத்தில் போட அவசரமில்லை; மண்டியிட்ட நிலையில் அவற்றின் திருப்பத்தை மட்டும் பழக்கலாம். கூடவே கபடி, கால்பந்து, நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று வேறு ஒன்று இருக்கட்டும். மல்யுத்தத்தை மட்டும் ஆடும் 10 வயதுப் பிள்ளைக்கு ஓடத் தெரியாது, பந்து பிடிக்கத் தெரியாது. அந்தக் குறை பின்னால் மேட்டிலேயே தெரியும்.

13 முதல் 15 வரை. எல்லோரும் தவறு செய்யும் கட்டம் இதுதான். வாரம் 4 நாள், 90 நிமிடம் என்று வைத்தால் பங்கீடு ஏறத்தாழ இப்படி: உடல் சூடேற்ற 15, நுட்பம் 25, குறிப்பிட்ட நிலையிலிருந்து தொடங்கும் போராட்டம் 20, முழு ஆட்டம் 15, பலப் பயிற்சி 10, தளர்த்தல் 5. நிலையிலிருந்து தொடங்கும் போராட்டம் என்றால், 'ஒற்றைக் கால் ஏற்கெனவே கையில் இருக்கிறது, 30 நொடியில் முடி' என்பது போன்றது. முழு ஆட்டத்தைவிட இதில் கற்பது அதிகம், அடிபடுவது குறைவு.

வளர்ச்சி வேகம் ஆண்டுக்கு 7 செ.மீ.-ஐத் தாண்டினால்: குதித்து இறங்கும் பயிற்சிகளைப் பாதியாக்குங்கள், ஆளைத் தூக்கி ஓடுவதை நிறுத்துங்கள், புது வீச்சு கற்பிக்காமல் பழைய பிடிகளை மெதுவாகத் திரும்பச் சீர்செய்யுங்கள். 6 முதல் 12 மாதத்தில் வேகம் தணியும். அதுவரை பொறுப்பதுதான் பயிற்சி.

16 முதல் 18 வரை. பாய்ச்சல் கடந்தவர்களுக்கு இப்போது கதவைத் திறக்கலாம். பார்பெல், முழு வேக வீச்சு, போட்டிக்கேற்ற திட்டம், எதிராளியைப் படிப்பது எல்லாம் இங்கேதான். சீனியர் வீரரோடு மோதவிடும் ஆசை பயிற்சியாளர்களுக்கு இருக்கும். எடை வித்தியாசம் 10 விழுக்காட்டுக்குள், வாரம் ஒரு முறை, சீனியர் தற்காத்து ஆடும் நிபந்தனையோடு என்றால் சரி.

### எத்தனை மணி நேரம்?

குழந்தை மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு: வாரத்துக்கு அமைப்பு சார்ந்த பயிற்சி மணி, பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது. 12 வயதுக்கு 12 மணி. வாரம் ஓரிரு நாள் முழு ஓய்வு. ஆண்டில் மொத்தம் 2, 3 மாதம் அந்த விளையாட்டிலிருந்து விலகல், மாதம் மாதமாகப் பிரித்து எடுத்தாலும் சரி. இதைத் தங்கிப் பயிலும் அகாடா நேர அட்டவணையோடு ஒப்பிடுங்கள். காலை 2½ மணி, மாலை 2½ மணி, வாரம் 6 நாள் என்றால் 30 மணி. அதிகாலை 4 மணிக்கு எழும் 12 வயதுப் பிள்ளை 9 மணி நேரம் தூங்க வேண்டுமானால் இரவு 7 மணிக்குப் படுத்திருக்க வேண்டும். எந்த விடுதியில் அது நடக்கிறது?

## தண்டால், பஸ்கி, பளு

பளு தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது பழைய பயம். அதற்கு ஆதாரமில்லை, மேற்பார்வையோடு, சரியான முறையில் செய்யும் பலப் பயிற்சி பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது, காயத்தையும் குறைக்கிறது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 'ஒரே முறை எவ்வளவு தூக்குவாய்' என்ற பந்தயத்திலும், எண்ணிக்கை வெறியிலும்.

தண்டாலும் பஸ்கியும் (உட்கார்ந்து எழுவது) நல்ல பயிற்சிகள். தண்டால் தோள், மார்பு, முதுகு மூன்றையும் ஒரே அசைவில் இழுக்கிறது. ஆனால் 13 வயதுப் பையன் நாளுக்கு 500 பஸ்கி போடும்போது, குதிகால் உயர்ந்து, முழங்கால் முன்தள்ளி, தொடைத் தசை ஒவ்வொரு முறையும் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முனையை இழுக்கிறது. அந்த முனை இன்னும் குருத்தெலும்பு. அங்கே வீங்கி, தொட்டால் வலித்து, முண்டு போல் எழுவதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். குதிகாலில் இதே கதை நடந்தால் செவர் நோய். இரண்டும் பாரத்தைக் குறைத்தால் ஆறும். குறைக்காமல் களிம்பு தேய்த்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

இதற்குப் பதிலாக:

1. வாரம் 2 நாள், 6 முதல் 8 பயிற்சிகள், ஒவ்வொன்றும் 2 சுற்று, சுற்றுக்கு 8 முதல் 15 முறை. கடைசி முறையும் முதல் முறை போலவே அழகாக வந்தால் மட்டும் பாரத்தை 5 முதல் 10 விழுக்காடு ஏற்றலாம்.
2. குதிகால் தரையில் பதிந்த பஸ்கி 15, தண்டால் 10, கம்பியில் தொங்கி ஏறுதல் முடிந்தவரை, கயிறு ஏறுதல் 2 முறை.
3. கர்லாக்கட்டை தோளுக்கும் பிடிக்கும் அருமையான கருவி. 12 வயதுக்கு 1, 1½ கிலோ போதும். வேகத்தை விடச் சுழற்சியின் வட்டம் முக்கியம்.
4. கழுத்து: தலையை ஊன்றி உடலை வளைக்கும் பாலத்தைச் சிறுவர்கள் கையூன்றியே செய்ய வேண்டும். முதல் ஆறு மாதம் உள்ளங்கையால் நெற்றியை, பிடரியை, பக்கங்களை அழுத்தி அசையாமல் 10 நொடி எதிர்ப்பது போதும். பாலத்தின் மேல் இன்னொரு பையனை உட்கார வைக்கும் வழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை.

## எடை: சிக்கலின் நடு முடிச்சு

பாய்ச்சல் ஆண்டில் ஒரு பையன் 8 கிலோ கூடுவான் என்று பார்த்தோம். பிரிவுகளின் இடைவெளி 3, 4 கிலோ. ஆக, ஜனவரியில் 44 கிலோவில் ஆடியவன் டிசம்பரில் இயல்பாகவே 52-இல் இருக்க வேண்டும். மாநிலப் பதக்கம் 44-இல் கிடைத்தது என்பதற்காக அவனை அங்கேயே நிறுத்தினால், இழப்பது கொழுப்பை அல்ல. அவனிடம் கொழுப்பே குறைவு. இழப்பது அந்த ஆண்டுக்குரிய எலும்பையும் தசையையும். வாழ்நாள் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ கால் பங்கு இந்தப் பாய்ச்சலை ஒட்டிய இரண்டு ஆண்டுகளில்தான் சேர்கிறது. அந்த வாய்ப்பு இன்னொரு முறை வராது.

இந்த ஆபத்தை உலகம் கற்ற விதம் கொடியது. 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் 33 நாள் இடைவெளிக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை இறக்கும் முயற்சியில் இறந்தார்கள். ரப்பர் உடை அணிந்து, சூடான அறையில் சைக்கிள் மிதித்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறியது. அதன் பிறகு அங்கே வியர்க்க வைக்கும் சூட்டு அறையான சானாவும் ரப்பர் உடையும் சிறுநீர் பெருக்கி மாத்திரையும் தடை செய்யப்பட்டன. சீசன் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரின் குறைந்தபட்ச எடையைக் கணித்துப் பூட்டும் முறை வந்தது. 2006-07 முதல் பள்ளி அளவிலும் அது விரிந்தது.

அந்த முறையின் கணக்கு எளிது. நம் ஊரிலும் ஒரு பயிற்சியாளர் செய்துவிடலாம்.

1. முதலில் நீர்ச்சத்தைச் சோதி. சிறுநீரின் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025-க்கு மேல் போகக்கூடாது. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியில் ஒரு சொட்டு விட்டால் தெரியும். காய்ந்த உடலை அளந்தால் மற்ற எல்லா எண்ணும் பொய்.
2. கொழுப்பை அள. தோல் மடிப்பை இடுக்கியால் பிடித்துக் கணக்கிடுவது வழக்கம். 16 வயது, 50 கிலோ பையனுக்கு 12 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு 6 கிலோ. கொழுப்பு நீங்கிய எடை 44 கிலோ.
3. கீழ் எல்லையைக் கண்டுபிடி. பையன்களுக்கு 7 விழுக்காடு, பெண்களுக்கு 12 விழுக்காடு கொழுப்புக்குக் கீழே போகக்கூடாது. 44-ஐ 0.93-ஆல் வகுத்தால் 47.3 கிலோ. இதற்குக் கீழே அவனுக்குப் பிரிவே இல்லை.
4. வேகத்தைக் கட்டுப்படுத்து. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 விழுக்காடு உச்ச வரம்பு. இவனுக்கு 750 கிராம்.

17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 45, 48, 51 கிலோக்கள் உண்டு. இவனுக்கு இயல்பானது 51. 48-க்கு இறங்க மூன்று வாரம் வேண்டும், சாத்தியம். 45-க்கு இறங்கினால் மிஞ்சும் கொழுப்பு 1 கிலோ, அதாவது 2 விழுக்காடு சொச்சம். அது உயிரோடு விளையாடுவது.

இந்தக் கணக்கு 16-க்கு மேல்தான் பொருந்தும் என்பது என் கருத்து. 15 வயதுக்குக் கீழே எடை இறக்குதல் என்ற பேச்சே கூடாது. அன்று தராசு என்ன காட்டுகிறதோ அந்தப் பிரிவில் ஆடட்டும்.

ஒரே இரவில் இறக்குவது ஏன் சரிவராது? ஒரு கிலோ வியர்வை ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். உடல் எடையில் 2 விழுக்காடு நீர் போனாலே உழைப்புத் திறன் சரியத் தொடங்கும். அதை ஈடுகட்ட இழந்ததைப்போல் 1½ மடங்கு, உப்பும் சேர்த்து, பல மணி நேரம் எடுத்துக் குடிக்க வேண்டும். முன்பெல்லாம் போட்டிக்கு முந்தைய மாலை எடை பார்த்தார்கள். இரவு முழுக்க அவகாசம் இருந்தது. 2018 முதல் போட்டி நாள் காலையிலேயே எடை பார்க்கிறார்கள், இரண்டாம் நாளும் மறுபடி பார்க்கிறார்கள். பாரிஸில் நடந்தது இதுதான். முதல் நாள் சரியாக நின்ற வினேஷ், மூன்று ஆட்டம் ஆடி, ஆடுவதற்குத் தேவையானதை உண்டு குடித்ததும் 2.7 கிலோ கூடியிருந்தார். இரவெல்லாம் உழைத்தும் 100 கிராம் மிஞ்சியது. அவர் முன்பு ஆடிவந்தது 53 கிலோ பிரிவு. உலகத்தரமான மருத்துவக் குழு உடனிருந்தும் முடியாத ஒன்றை, மாவட்டப் போட்டிக்கு முந்தைய இரவு விடுதி அறையில் போர்வை போர்த்தி ஓடும் 14 வயதுப் பையன் செய்யப் பார்க்கிறான்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு எச்சரிக்கை மணி உண்டு: மாதவிடாய். 15 வயது வரை தொடங்காவிட்டாலும், தொடங்கியது மூன்று மாதம் நின்றாலும், அது பயிற்சியின் வெற்றி அல்ல. உணவு உழைப்புக்குப் போதவில்லை என்ற அறிகுறி. மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் ஆண்டுக்கு இரு முறையாவது பார்ப்பது நல்லது. 12-க்குக் கீழே இருந்தால் அந்தப் பெண்ணின் 'சோர்வு' மனம் சார்ந்ததல்ல. எடை பார்க்கும் இடத்தில் பெண் அலுவலர் இருப்பதும், பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனியாக மூடிய அறையில் இல்லாதிருப்பதும் சலுகைகள் அல்ல. 2023-இல் பாலியல் துன்புறுத்தலை எதிர்த்து டெல்லி ஜந்தர் மந்தரில் வீராங்கனைகள் போராட்டத்தில் உட்கார்ந்த பிறகும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

## காயமும் தோலும்

எலும்பின் முனைகளில் உள்ள, எலும்பை நீளவைக்கும் குருத்தெலும்புப் பகுதியான வளர்தட்டு, அதைச் சுற்றிய தசைநாரைவிட பலவீனமானது. பெரியவருக்குச் சுளுக்காக முடியும் அதே முறுக்கு பிள்ளைக்கு வளர்தட்டு முறிவாக முடியலாம். மூட்டை ஒட்டிய எலும்பின் மேல் அழுத்தினால் வலிக்கிறது என்றால் எண்ணெய் போட்டு நீவிவிடுபவரிடம் போகாமல் எக்ஸ்ரேக்குப் போங்கள். கவனிக்காமல் விட்டால் அந்தக் கை அல்லது கால் கோணலாக வளரலாம்.

தலையில் அடிபட்டு ஒரு கணம் தடுமாறினாலும், வாந்தி வந்தாலும், கேட்டதையே கேட்டாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது. பள்ளிப் பாடம் தலைவலியின்றிப் படிக்க முடிந்த பிறகே படிப்படியாகத் திரும்பலாம்: நடை, ஓட்டம், தனியாக அசைவுப் பயிற்சி, துணையோடு நுட்பம், முழு மோதல், போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி. மோதலுக்கு முன் மருத்துவர் அனுமதி வேண்டும். அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே.

காது மடல் வீங்கி நீர் கோத்தால் சில நாட்களுக்குள் மருத்துவர் எடுத்துவிட வேண்டும். விட்டால் இறுகிக் காலிஃபிளவர் போலாகும். அதைப் பயில்வானின் முத்திரை என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. காதுக் கவசம் விலை குறைவு.

படர்தாமரைதான் கூடங்களின் நிரந்தர விருந்தாளி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாளில் அரிப்பை அடக்கும். பூஞ்சையோ அடியில் பரவிக்கொண்டிருக்கும். தோல் மருத்துவர் தரும் பூஞ்சை மருந்தைத் தொடங்கி 72 மணி நேரமாவது கழிந்தே மேட்டுக்குத் திரும்ப வேண்டும். தலையில் என்றால் வாய்வழி மருந்தோடு இரண்டு வாரம். கொத்தாகக் கொப்புளம் இருந்தால் அது ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். காய்ந்து பொருக்கு விட்டு மருத்துவர் சொல்லும்வரை யாரையும் தொடக்கூடாது. மேட்டை நாள்தோறும் ஒரு லிட்டர் நீருக்கு 10 மி.லி. பிளீச் கலந்து துடைத்துக் காயவிட வேண்டும். பயிற்சி முடிந்த கையோடு குளியல், ஆளுக்கொரு துண்டு. மண் கோதா என்றால் துடைக்க முடியாது. தினமும் கொத்திப் புரட்டுவதும், புண் உள்ளவர் இறங்காமல் பார்ப்பதும்தான் வழி.

## போலி வயது யாரைக் காயப்படுத்துகிறது

இப்போது 11 பேர் செய்திக்கு வரலாம். வயதைக் குறைத்துக் காட்டுவதை ஏமாற்றாக மட்டுமே பேசுகிறோம். 17 வயதில் வளர்தட்டு மூடி, பாய்ச்சல் முடிந்து நிற்பவன், தட்டு திறந்திருக்கும் 14 வயதுப் பையனை இடுப்புக்கு மேல் தூக்கி வீசுகிறான். எடை இருவருக்கும் 52 கிலோ. அடிபடுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏமாற்றியவனுக்கும் லாபமில்லை, தன் வயதுக்காரர்களோடு மோதிக் கற்க வேண்டிய ஆண்டுகளைச் சிறுவர்களோடு கழித்துவிட்டு 20-இல் திகைத்து நிற்பான்.

இடக்கை மணிக்கட்டு எக்ஸ்ரே மூலம் எலும்பு வயது பார்க்கும் முறை இருக்கிறது. அது பருவ முதிர்ச்சியைச் சொல்லும். பிறந்த நாளைச் சொல்லாது. முன்பருவமடைந்த நேர்மையான 14 வயதுப் பையனின் எலும்பு 16 என்று காட்டலாம். அவனைப் பொய்யன் என்று விலக்குவது அநியாயம். ஆனால் அதே எக்ஸ்ரே, 'இவனைத் தாமதப் பருவப் பையன்களோடு மோதவிடாதே' என்று பயிற்சியாளருக்குச் சொல்கிறதே, அந்தப் பயனை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. முதிர்ச்சி நிலையை வைத்துப் பயிற்சிக் குழு பிரிப்பது இங்கிலாந்துக் கால்பந்து அகாடமிகளில் நடைமுறையில் இருக்கிறது. கூடங்களில் வாரம் ஒரு நாளாவது அப்படிப் பிரிக்க எந்த விதியும் தடையில்லை.

## சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

1. உயரம், எடை எழுதும் நோட்டு இருக்கிறதா? இருந்தால் கடைசிப் பதிவு எந்தத் தேதி?
2. அடிபட்ட பிள்ளை திரும்பி வருவதை முடிவு செய்வது யார்?
3. வாரத்தில் எந்த நாள் முழு ஓய்வு? தேர்வு மாதத்தில் என்ன மாற்றம்?
4. மேட் கடைசியாக எப்போது துடைக்கப்பட்டது? கேட்பதைவிட முகர்ந்து பார்ப்பது விரைவு.
5. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பிள்ளை 2 கிலோ கூடிவிட்டால் என்ன செய்வீர்கள்? 'அடுத்த பிரிவில் பெயர் கொடுப்போம்' என்று பதில் வந்தால் சேருங்கள். 'அதெல்லாம் இறக்கிவிடலாம்' என்று வந்தால், எத்தனை நாளில், எப்படி என்று இன்னொரு கேள்வி கேட்டுவிட்டு எழுந்து வாருங்கள்.